எல்லப்பனின் இடது கால் மீதான விசாரணை

மனித நாகரிகம் இதுவரை கண்ட மாபெரும் அமைப்புகளுள் 'காட்டூர் பாரம்பரிய பிரிட்டிஷ் கார் பாதுகாப்புச் சங்க'மும் ஒன்று. பதினொரு நிர்வாகிகள், மூன்று துணைக் குழுக்கள், ஒரு கார். அந்தக் காரை இருபது வருஷமாக ஓட்டிவரும் எல்லப்பன் மட்டும் உறுப்பினர் அல்ல. வேலை செய்பவரை உறுப்பினராக்கும் வழக்கம் சங்கத்தில் இல்லை.

அறுபது வயதைத் தாண்டிய அந்தக் கார், ஒரு திங்கட்கிழமை கிளட்ச்சை மிதித்ததும் அடிவயிற்றிலிருந்து முனகியது. எல்லப்பன் உடனே தலைவர் தசரதனிடம் சொன்னார். தலைவர் உடனே கூட்டத்தைக் கூட்டினார். நான்கு மணி நேரம் 'ஆழ்ந்து' விவாதித்தார்கள். பானெட்டை யாரும் திறக்கவில்லை. அது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

தீர்ப்பு வாசிக்கப்பட்டது: "ஓட்டுநர் கிளட்ச்சின் மேலேயே காலை வைத்து ஓட்டியதால் என்ஜின் மனம் நொந்துள்ளது. அன்னாரது இடது கால் பணிநீக்கம் செய்யப்படுகிறது."

"கால் மட்டுமா, தலைவரே?" என்றார் எல்லப்பன்.

"நீயும் கூடவே போயிடு. கால் தனியா எப்டி வூட்டுக்குப் போவும்?"

மனைவி கோமளாவின் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாள் காலையில் சுண்ணாம்புக்குளம் போய், படகு என்ஜின்களைப் பழுதுபார்க்கும் காந்தாவைக் கையோடு சங்கத்துக்கு அழைத்து வந்தார்.

காந்தா காரின் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். "தலைவரே, ஏறிக் கிளட்ச்ச மிதிங்க."

மிதித்தார். என்ஜின் முகப்பிலிருந்த புல்லி ஒரு நெல்மணி கனத்துக்கு முன்னால் வந்தது. கம்பியால் நெம்பினாள், பின்னால் போனது.

"உள்ள சுத்துற தண்டு, கிரேங்க் ஷாஃப்ட், ஊஞ்சலாடுது. அத்த முன்ன பின்ன போவாம புடிச்சு நிறுத்த, த்ரஸ்ட் வாஷர்னு அரைவட்டத் தகடு இருக்கும். அது தேஞ்சிடுச்சி."

"நான் சொல்லல? எல்லாம் இவன் கால்!" என்றார் தலைவர்.

காந்தா ஆயிலை வடித்தாள், என்ஜினுக்கு அடியிலிருந்த ஆயில் தொட்டியைக் கழற்றினாள், தகடுகளைத் தள்ளி வெளியே எடுத்தாள்.

"பள்ளம் வெட்டுன பக்கம் கிரேங்க்கப் பாக்கணும். இது முதுகக் காட்டிக்கினு உக்காந்துகீது. திருப்பி மாட்டிக்கீறாங்க. இன்னும் ரெண்டு தபா எளாவூர் போயிருந்தா என்ஜினே காலி. இன்னா வேலை இது? எந்தப் புண்ணியவான் மாட்டுனது?"

நிர்வாகிகள் எல்லோரும் சங்கச் சுவரைப் பார்த்தார்கள். போன வருஷத்துப் படம். தலைவர் கையில் ஸ்பேனர். கீழே எழுத்து: 'த்ரஸ்ட் வாஷரைத் தம் திருக்கரங்களால் மாற்றிய தலைவர்.'

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து புதுத் தகடுகள் வந்தன. பள்ளம் கிரேங்க்கைப் பார்க்கும்படி காந்தா செருகினாள். இப்போது மிதித்தால் புல்லி அசைவது கண்ணுக்கே தெரியவில்லை, முனகலும் நின்றது. எல்லப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. சாவிக்குக் கை நீட்டினார்.

"இருப்பா, கூட்டம் கீது," என்றார் தலைவர்.

வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தக் கூட்டத்தில் தலைவர் எழுந்து தம் தவறை ஒப்புக்கொண்டார். கைதட்டல் அடங்குவதற்குள் தம்மைப் பெருந்தன்மையோடு மன்னித்தும் விட்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"அப்ப நானு?" என்றார் எல்லப்பன்.

தலைவர் விதிப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டி, மிகுந்த வருத்தத்தோடு மூடினார்.

"தப்பு பண்ணவன மன்னிக்கத்தாம்பா விதி கீது. நீ ஒண்ணுமே பண்ணலியே! உன்ன எப்டி மன்னிக்கிறது?"