தொட்டியில் இருபத்திரண்டு பேர்

அல்-ஹஸா,
ஆவணி 2006

அன்பு மைத்துனன் பாலகுருவுக்கு, உன் மாமன் சேதுபதி தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் என் மூட்டுவலியும் சுகம். அங்கே நீயும் உன் அக்காள் நாகவள்ளியும் சுகமாக இருக்க வேண்டும். இதுவரை எனக்குக் கடிதம் எழுதித் தந்த ரகுநாதன்தான் எழுத்தும் கற்றுக் கொடுத்தான். ஒரு பக்கத்துக்கு இரண்டு வெள்ளிக்கிழமை ஆகிறது. ஆகவே இதில் அவசரச் சேதி எதுவும் இல்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஐப்பசியில் லீவில் வருகிறேன். எங்கள் முதலாளி கபீலின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கொள்ளிடத்தில் நீ குத்தகை எடுத்த இடத்தில் கெளுத்தி விரல் அளவுக்குச் சிறுத்துவிட்டதாமே. இங்கேயும் அதே கதைதான். பேரீச்சந்தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியில் யாரோ ஓர் எகிப்துக்காரர் விட்ட நைல் ஆற்றுக் கெளுத்தி பெருகிக் கிடந்தது. நாங்கள் இருபத்திரண்டு பேர் வெள்ளிதோறும் பிடித்தோம். முதல் வருடம் முழங்கை நீளம், அடுத்த வருடம் சாண், அப்புறம் மீனைவிடத் தூண்டில் முள் பெரிதாக இருந்தது. "பெரிசையெல்லாம் தின்னுட்டா முட்டை போடுறது யாரு?" என்று ரகுநாதன் கேட்டான். எல்லார் வாயிலும் மீன் இருந்தது. மிச்சத்தை எண்ண அவனே வழி சொன்னான். இருபத்திரண்டு மீனுக்கு அடையாளம் கட்டி விட வேண்டும். அடுத்த வாரம் பிடிப்பதில் பாதிக்கு அடையாளம் இருந்தால் தொட்டியில் மொத்தம் நாற்பத்து நான்கு. அவ்வளவுதான் இருந்தது. அடையாளத்துக்கு எண் போடச் சொன்னான். எனக்கு எழுத வந்தது ரூம் ஆட்களின் பெயர் மட்டும்தான். பிளாஸ்டிக் துண்டில் எழுதி, ஆளுக்கொரு மீனாகத் துடுப்பில் கட்டிவிட்டேன்.

அன்றோடு குழம்பு நின்றது. "சேதுண்ணே, அகமது கபீரை எப்படிண்ணே அறுக்குறது? நேத்துதான் எனக்குச் சட்டை தச்சுக் குடுத்தான்" என்று சமையல்கார மீராசா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பெயரில்லாத மீனையும் தொடவில்லை, அது யாருடைய பிள்ளையோ. எட்டு மாதத்தில் முந்நூறு ஆனது.

பிறகு டேங்கர் ஓட்டி வந்த ஒரு பெங்காலி, தமிழ் தெரியாமல் பாஸ்கரைப் பொரித்துத் தின்றுவிட்டார். மறுநாள் பாஸ்கருக்கு நாலு வருடமாக வராத லீவு வந்தது. அவன் விமானம் ஏறுவதற்குள் தொட்டியைச் சுற்றி இருபத்தொரு தூண்டில்.

"அண்ணே, என்னைப் பாத்தீங்களா?"

"இப்பத்தான் அடியில போனே. ரொம்ப மெலிஞ்சிட்டே."

தன் பெயரைத் தேடும்போது வந்த மற்றதெல்லாம், சினை மீன் உட்பட, சட்டிக்குப் போனது. மூன்று வாரத்தில் பாதி காலி, பெயருள்ள மீன் மட்டும் ஒன்றும் மாட்டவில்லை. கபீல் வந்து விசாரித்தார், மீராசா அரபியில் சொன்னார். கபீல் சிரிக்கவில்லை. இருப்பதிலேயே பெரிய மீனில் தன் பெயரைக் கட்டச் சொல்லி, "கலாஸ்" என்று பேச்சை முடித்துப் போய்விட்டார். கபீல் மாட்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாததால் ஒரு தூண்டிலும் இறங்குவதில்லை. மீன் மறுபடி பெருகுகிறது.

ஆகவே நீயும் சாணுக்குக் குறைந்ததைத் தண்ணீரிலேயே விடு. ஆடிப் புதுவெள்ளத்தில் சினை பிடிக்கும் காலத்தில் வலை போடாதே. பெரிய கெளுத்தியாகப் பத்துக்குப் பஞ்சாயத்துத் தலைவர் பெயரைக் கட்டி விடு. திருட்டு வலை தானாக நிற்கும்.

உன் வலையும் நிறைய, ஆற்றிலும் கொஞ்சம் மிஞ்ச வேண்டிக்கொள்ளும்,
மாமன் சேதுபதி

பின்குறிப்பு: நேற்று என் பெயரைத் தேடி ஒரே ஒரு தடவை தூண்டில் போட்டேன். கபீல் வந்தார். முள்ளை விழுங்கிவிட்டார், இனிப் பிழைக்கமாட்டார் என்று மீராசா சொன்னதால் இருபத்தொரு பேரும் சாப்பிட்டோம். இன்று காலை கபீல் மூன்று மாத லீவில் லண்டன் போய்விட்டார். கையெழுத்துப் போட ஆளில்லை, ஐப்பசியில் நான் வரவில்லை. குழம்பு நன்றாக இருந்தது. தலைவர் பெயரைக் கட்டாதே, உன் குத்தகைக்கு அவர் கையெழுத்து வேண்டும்.