டெல்மர் ஹாகன் தோட்டா சமைத்த படலம்

வாழி, டெல்மர் ஹாகன்! மொன்டானா மாநிலத்து ஜூடித் பள்ளத்தாக்கில் பள்ளிப் பேருந்துகள் பதினான்கின் பிணி தீர்க்கும் பெருமருத்துவனே, ஆறடி மூன்றங்குலம் ஓங்கிய ஆண்தகையே, கடையில் விற்கும் தோட்டாவைக் கனவிலும் தொடாத மானமுடையோனே, வாழி! உன் புகழைப் பாடுமுன் உன் இழிவையும் பாடியாக வேண்டியிருப்பதைப் பொறுத்தருள்க.

சென்ற நவம்பரில் நூற்றைம்பது அடியெடுப்புத் தொலைவில், களஞ்சியக் கதவுபோல் பக்கம் காட்டி நின்ற கவைக்கொம்பு எல்க் மான் ஒன்றின்மீது நம் வீரன் மும்முறை இடி முழக்கினான். மலை அதிர்ந்தது, பைன் மரங்கள் பனி உதிர்த்தன, எல்க் மட்டும் தலை தூக்கிப் பார்த்துவிட்டு, வாயிலிருந்த புல்லை மென்றபடியே நடந்து மறைந்தது. கண்ட சாட்சி ஒருவன் உளன். டெல்மரின் மனைவி லோர்னாவின் தம்பி வெர்னே அவன். முடிதிருத்தகம், தீவனக்கடை, தேவாலயம் என அவன் அக்கதையைப் பரப்பாத இடமில்லை.

"என்ன மாமா, அந்த எல்க் உங்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பிச்சுதாமே?" என்றான், தேவாலயத்துக் காப்பி மேசையில் அத்தனை பேர் முன்னால்.

கொதித்தெழுந்த டெல்மர், குவளையை வைத்துவிட்டு, எண்டிசையும் கேட்க முழங்கினான்: "அடுத்த வேட்டைப் பருவம் பிறக்குமுன், என் கையால் அடைத்த தோட்டாக்கள் மூன்று, நூறு கஜத்தில், ஒரு கால் டாலர் நாணயத்துக்குள் அடங்கும் துளைகளை இடும்! இடாவிடில் இம்மலையில் இனி என் காலடி படாது. என் துப்பாக்கியும் வெர்னுக்கே உரித்து!"

லோர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக ஒவ்வோர் இலையுதிர்காலமும் இருவரும் மலைக்கூடாரத்தில் கழிக்கும் பத்து நாள்களுக்காகத்தான் அவள் மீதி நாள்களைப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

தொடங்கிற்று தவம். வண்டிக் கொட்டகை வேள்விச்சாலையாயிற்று. காற்றசைந்தால் தராசு அசையுமென மின்விசிறி நிறுத்தப்பட்டது. மூச்சு விட்டதற்காகப் பூனை நாடு கடத்தப்பட்டது. பித்தளைக் கூடுகளை மயிரிழை பிசகாது சீவியும், வெடிமருந்தை எறும்பின் கால் எடை கூட்டியும் குறைத்தும், குண்டை இம்மி உள்ளே தள்ளியும் இம்மி வெளியே இழுத்தும், வேனில் முழுதும் தோட்டா சமைத்தான் வீரன். சனிதோறும் ஊர்ப்புறத்துச் சரளைக் குழியில் சுட்டான். துளைகளோ, பங்காளிச் சண்டையிட்ட அண்ணன் தம்பிகளைப்போல், ஒன்று வடக்கேயும் ஒன்று கிழக்கேயும் ஒன்று குறியட்டைக்கு வெளியேயும் குடியேறின. மருந்தைப் பழித்தான், கூட்டைப் பழித்தான், ஜூலை மாத ஈரப்பதத்தைப் பழித்தான், நாலு நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன.

வந்தது பருவத்துக்கு முந்தைய நாள். சரளைக் குழியில் வெர்ன் மடக்கு நாற்காலியே போட்டு அமர்ந்திருந்தான். முதற்குண்டு குறிக்கு மேலே போயிற்று. லோர்னா இம்முறை குறியட்டையைப் பார்க்கவில்லை. கணவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க குடு டெல். அடுத்தத நான் போட்டுத் தர்றேன்."

சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூடு ஒன்றை அவள் உள்ளே தள்ளிப் பூட்டித் தந்ததை வீரன் அறியான். குறி பார்த்தான்; மூச்சடக்கினான்; விசையிழுத்தான்.

'டிக்' என்றது.

முழக்கமில்லை, புகையில்லை. ஆயினும் அந்தோ, ஆறடி மூன்றங்குலமும் அடிவாங்கியதுபோல் துள்ள, கண்ணிரண்டும் இறுக மூட, துப்பாக்கியின் மூக்கு மீன் கண்ட நாரைபோல் மண்ணை நோக்கிப் பாய்ந்ததை மூவுலகும் கண்டது. வெர்ன் சிரித்துச் சிரித்து நாற்காலியோடு சாய்ந்தான்.

"தோட்டா சரியாத்தான் இருக்கு டெல்," என்றாள் லோர்னா மெதுவாக. "அது வெடிக்கிறதுக்கு முன்னாடியே நீதான் கண்ண மூடிக்கிற. சத்தத்துக்குப் பயப்படற."

காது நுனி வரை சிவந்தது அவனுக்கு. பேருந்து எந்திரத்தின் அடியில் அஞ்சாது படுத்தவன், பனிக்கரடியொத்த குளிரில் நடுங்காதவன், எழுந்து, துப்பாக்கியை வெர்னிடம் நீட்டினான். இடையில் புகுந்து பறித்தாள் லோர்னா.

"இருடா! தோட்டா தன் கையால அடைச்சதுன்னுதான் சபதம் போட்டாரு உங்க மாமா. விரல் யாரோடதுன்னு சொன்னாரா?"

மேலங்கியை மடித்துத் தோளில் முட்டுக் கொடுத்து அமர்ந்தாள். இடி ஒன்று. இடி இரண்டு. இடி மூன்று. மூவரும் நடந்துபோய்ப் பார்த்தார்கள். முக்கண்போல் ஒட்டிக் கிடந்த துளைகள்மேல் வெர்ன் தன் கால் டாலரை வைத்தான். ஒன்றும் வெளியே தெரியவில்லை. தொப்பியைக் கழற்றினான். டெல்மரோ, வேனிலெல்லாம் எவற்றைப் பழித்தோமோ அந்த மருந்தையும் கூட்டையும் குண்டையும் எண்ணி, கண் கலங்கி, அட்டையை மார்போடு அணைத்து அறிவித்தான்: "கண்டீரோ உலகீர்! பிழை என் படைக்கலத்தில் இல்லை! பிழை என் இமைகளில்!"

மறுநாள் பருவம் பிறக்க, இருவரும் மலையேறினர்; எல்க்கை லோர்னா சுட்டாள், டெல்மர் தூக்கிக்கொண்டு வந்தான்.