மூன்று மடையும் ஒரு தொண்டையும்

வாயைத் திறந்தால் போதும், ஒன்றரை மைலுக்கு அப்பால் இருப்பவன் சோற்றுத் தட்டை விட்டு எழுந்து ஓடுவான். அப்படி ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பாகூர் பக்கம் எங்கள் ஏரிக்கரையில் தண்ணீர் முறை கூவியவர் அவர். பெயர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் ‘ஔக்காரர்’.

சொல்லே கிடையாது, வெறும் உயிரொலிதான். ‘ஆ’வில் தொடங்கி ‘ஈ’யில் வழுக்கி இறங்கினால் மேல்மடைக்கு முறை. ‘ஓ’விலிருந்து ‘ஆ’வுக்கு ஏறினால் நடுமடைக்கு. கடைமடைக்காரர்களான எங்களுக்கு ‘அ’வும் ‘உ’வும் பின்னிக்கொண்ட நெடிய ‘ஔ’. கரும்புக்கொல்லை தாண்டியும் அது பிசிறில்லாமல் கேட்கும், சத்தியமாக.

“பேரைச் சொல்லிக் கூப்ட்டா இன்னாவாம்?” என்று அப்பா ஒருமுறை அவரிடமே கேட்டார்.

“பேரு பாதி வழியிலயே காத்துல கரைஞ்சிடும்பா. இதான் வூடு போய்ச் சேரும்.”

அந்தத் தொண்டைக்கு அவர் செய்த ராஜோபசாரம் கொஞ்சமல்ல. மிளகாய் வாசனை வந்தால் பந்தியை விட்டே எழுந்துவிடுவார். கல்யாண வீட்டில் வாங்க என்றால் கைமட்டும் கூப்புவார், பேச்சு வீணாகிவிடுமாம்.

அவரைப் போய், புதிதாக வந்த பாசனக் குமாஸ்தா வேண்டாமென்றார். அவருக்குப் பதிலாக ஊதுகொம்போடு ஒரு சேவகன் வந்தான். அப்போது கதிர் உள்ளே திரண்டு பயிர் பொதி கட்டும் நேரம். அன்று முறை எங்களுடையது, தவறினால் நெல்லெல்லாம் பதர்தான்.

சேவகன் ஊதினான். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஊதல். மூன்று மடைக்காரர்களும் தமக்குத்தான் என்று ஓடி வந்தோம். மதகடியில் மண்வெட்டிகள் தலைக்கு மேலே எழுந்துவிட்டன. மேல்மடைக்காரர் ஒருவர் அப்பாவின் கழுத்துத் துண்டை முறுக்கிப் பிடித்தார். ஔக்காரர் உதட்டைக் கடித்தபடி கரைமேல் நின்றார்.

“யோவ், கூவித் தொலையேன்யா,” என்று கெஞ்சியது அதே குமாஸ்தாதான்.

கூவினார் பாருங்கள், ‘ஔ’ என்று. மதகே அதிர்ந்தது. கூச்சல் அடங்கவில்லை, மறுபடி கூவினார். நரம்பு புடைக்கப் புடைக்க, கடைசி மண்வெட்டி இறங்கும்வரை கூவினார். துண்டைப் பிடித்த கையும் தளர்ந்தது. தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்குத் திரும்பியது. நெல் பிழைத்தது, அவர் தொண்டை பிழைக்கவில்லை. எட்டு நாள் குரலே இல்லை.

அந்த எட்டு நாளும் அன்றன்றைய முறைக்காரர்கள் விடிந்ததும் தாமாகவே வந்து நின்றார்கள். ஒருத்தனும் முந்தவில்லை. பழக்கதோஷத்தில் அவர் வாயைத் திறக்கப் பார்த்தால், அப்பாவின் துண்டை முறுக்கிய அந்த மேல்மடைக்காரர்தான் முதலில் அவரிடம் ஓடுவார்.

“நீ சும்மா குந்துபா. நாங்களே பாத்துக்கறோம்.”