ஒன்பதாம் வகுப்பு ராஜாங்கம்

நாட்டின் வருங்காலத் தூண்களுக்கு இடைக்கால வரலாற்றின் அருமை தெரியவில்லை என்று கல்வித்துறை கண்டுபிடித்தது. உடனே ஆணை பிறந்தது: "பதின்வயது மாணவர்கள் இனி இடைக்காலத்தைப் படிக்கலாகாது. வாழ்தல் வேண்டும். அதன் தாக்கம் இன்றும் தொடர்வதைக் கண்கூடாக உணர்தல் வேண்டும்."

இந்தக் கூத்தில் எங்கள் பள்ளியில் மாட்டியவர் வரலாற்று வாத்தியார். பாவம், வருஷக்கணக்காகத் தற்காலிகம். பார்வையிட வரும் அதிகாரி "நன்று" என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். நான் கணக்கு வாத்தியார், எனக்கு அந்தக் கவலை கிடையாது. வேடிக்கை பார்க்கப் போனேன்.

ஒன்பதாம் வகுப்பையே ஒரு ராஜ்ஜியமாக்க மனிதர் சீட்டுக் குலுக்கிப் போட்டார். கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ராஜா பதவி விழுந்தது. அவள் தோழிக்கு வாசல் காவல். மீதிப் பேர் குடிமக்கள். வாரம் முடிவதற்குள் வகுப்பில் இருந்த ஒரே மின்விசிறி அரண்மனைச் சொத்தானது. குடிமக்கள் வியர்த்துக்கொண்டே ராஜாவின் வீட்டுப்பாடத்தையும் சேர்த்து எழுதினார்கள். காவல்காரிக்கு ஒரு பேனாவோ ரப்பரோ வைக்காமல் யாரும் வாசலைத் தாண்ட முடியவில்லை.

"இதெல்லாம் நான் சொல்லியே கொடுக்கல சார், தானா வருது!" என்று வாத்தியார் பூரித்துப் போனார்.

அதிகாரி வந்தார். காவல்காரி கையை நீட்டி மறித்தாள்.

"ராஜா முக்கியமான வேலையில இருக்காங்க. நாளைக்கு வாங்க."

"ஏம்மா, நான் யாருன்னு தெரியுமா?"

"அது இருக்கட்டும். உள்ள உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

எத்தனை வாசலில் கேட்ட கேள்வியோ, அதிகாரியின் முகமே மாறிவிட்டது. கோபம் வரும் என்று பார்த்தால், கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்த் தங்கநிறப் பேனாவை எடுத்துக் கொடுத்தது. உள்ளே நுழைந்ததும் இடுப்பும் தானாக வளைந்தது.

"என்ன குறை?" என்று ராஜா கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாள்.

"பதவி உயர்வுங்க... ரொம்ப நாளா இழுத்தடிக்கிறாங்க."

"பரிசீலிக்கிறோம்."

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜாவுக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார்.

ஆசிரியர் அறையில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் அவருக்குத் தன் பதவி ஞாபகம் வந்தது.

"இடைக்காலத்தைக் காட்டுங்கன்னா, எங்க ஆபீஸைக் காட்டியிருக்கீங்க! பாடத்திட்டத்துக்குப் புறம்பு. நன்றுன்னு என்னால சொல்ல முடியாது!"

வாத்தியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு ரத்தம் கொதித்தது.

"அநியாயம்! இதைச் சும்மா விடக்கூடாது!" என்றார் தலைமையாசிரியர்.

"யார் சொன்னா அந்த ஆளு கேப்பாரு?" என்றேன்.

யோசித்துப் பார்த்தால் ஒரே ஒருத்திதான்.

மொத்தக் கூட்டமும் ஒன்பதாம் வகுப்புக்குப் படையெடுத்தது. வாசல் வந்ததும் படை வரிசையாகிவிட்டது. வந்ததே வந்தோம், சொந்தக் காரியத்தையும் ஒரு வார்த்தை போட்டு வைப்போமே என்று தலைமையாசிரியருக்குத் தோன்றியது. எனக்கும் தோன்றியது, நான் என்ன சந்நியாசியா? காவல்காரியின் அத்தை எங்கள் தெருதான். அதைச் சொன்னேன், முதல் ஆளாக உள்ளே விட்டாள்.

வரலாற்று வாத்தியார் கடைசியில் நின்றார். பதற்றத்தில் பேனாகூடக் கொண்டுவரவில்லை.

"நான் உங்க வாத்தியார்மா!"

"அது இருக்கட்டும் சார். உள்ள உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

உள்ளே நின்ற நாங்கள் அத்தனை பேரும் அவருக்குத் தெரிந்தவர்கள்தான். ராஜாவுக்கு முதுகைக் காட்டக் கூடாதே என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.