சல்லடையில் நின்ற கற்பு

திருவொற்றியூர்க் குப்பத்தில் அந்த வாரம் மீன் விற்கவில்லை, கற்புதான் விற்றது. விற்றவர் சல்லடைச் சாமி. காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் கூட்டம் வந்து குவிந்தது.

ஆயிரம் ஓட்டை உள்ள பித்தளைக் கம்பிச் சல்லடையைப் பெண்ணின் கையில் கொடுப்பார் சாமி. ரேணுகாதேவி ஆற்று மணலில் குடம் பிடித்த கதையை ஒரே மூச்சில் சொல்லுவார். பிறகு அரைச் செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுவார். பத்தினி என்றால் நிற்கும், இல்லையென்றால் ஒழுகும். ஆண்களுக்கு இந்தப் பரீட்சை கிடையாது. அவர்கள் பிறக்கும்போதே பாஸாகிவிட்டவர்கள் போலும்.

ஒரு வேடிக்கை. மூக்குத்தியைக் கழற்றிச் சாமியின் அம்மன் படத்துக்கு முன்னால் இருந்த தட்டில் வைத்த பெண்கள் எல்லாரிடமும் தண்ணீர் நின்றது. வெறுங்கையோடு வந்தவர்களிடம் ஒழுகியது. கற்புக்கும் தங்கத்துக்கும் என்ன சொந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புஷ்பவல்லியின் முறை வந்தது. தீப்பெட்டி ஃபேக்டரியில் குச்சியை மெழுகில் முக்குவது அவள் வேலை. போன வாரம் அவள் புருஷன் தேசப்பனின் கட்டுமரம் கவிழ்ந்து, வலை கடலோடு போயிருந்தது. வீட்டில் பெண்சாதி சுத்தமாக இருந்தால்தான் கடலுக்குப் போனவன் பத்திரமாகத் திரும்புவான் என்பது குப்பத்து நம்பிக்கை. இவளோ வெளி வேலைக்குப் போகிறவள். சந்தேகத்துக்கு வேறென்ன வேண்டும்? தண்ணீர் ஒழுகினால் அவள் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும், பிள்ளை அப்பனிடம் இருக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். தேசப்பன் தலைகுனிந்து நின்றான்.

"மூக்குத்தி இன்னா ஆச்சும்மா?" என்றார் சாமி.

"புள்ளைக்கு ஜொரம் வந்தப்ப வித்துட்டேன் சாமி."

சாமி பெருமூச்சு விட்டார். செம்புக்குள் விரல்களை நனைத்து, ஆசீர்வாதம் செய்வதுபோல அவள் ஏந்திய சல்லடையை அடியில் தாங்கிக்கொண்டு ஊற்றினார். தண்ணீர் அந்த விரல்கள் வழியாகவே தாரையாக இறங்கியது. கூட்டம் 'உச்' கொட்டியது. மாமியார் செல்லம்மா பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

புஷ்பவல்லி அழவில்லை, சல்லடையை உற்றுப் பார்த்தாள். சாமியின் விரல் படாத இடத்தில் தண்ணீர் கம்பியில் ஒட்டாமல் குண்டு குண்டாக உருண்டது. வேலை முடிந்து மெழுகுக் கையைக் கழுவும்போது அவள் உள்ளங்கையிலும் இப்படித்தான் உருளும். ஒரு கம்பியைச் சுரண்டினாள். நகக்கண்ணில் வெள்ளையாக ஏறியது.

"இன்னொரு தபா ஊத்தலாம் சாமி. ஆனா நான் புடிக்கல. இந்தக் கம்பம் புடிக்கட்டும்."

சல்லடையை நன்றாக உதறினாள். வலை உலர்த்தும் கம்பத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டு, மெதுவாக ஊற்றினாள். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"கம்பம் பத்தினி. இப்ப அது கெட்டுப் போவறதையும் பாத்துக்குங்க." ஈர விரலால் சல்லடையின் அடியைத் தொட்டாள். தண்ணீர் விரலைப் பிடித்துக்கொண்டு வழிந்தது.

"கம்பத்துல அம்மன் எறங்கிட்டா," என்றார் சாமி. நாலு பேர் கும்பிடவும் செய்தார்கள்.

"எறங்கட்டும். லியாகத் அண்ணே, உங்க கெட்டிலக் கொண்டாங்க."

டீக்கடை லியாகத் அலி கொதிக்கிற தண்ணீர்க் கெட்டிலோடு வந்தார். சல்லடை வழியாக அண்டாவில் ஊற்றினார். ஆற ஆற, தண்ணீர்மேல் வெள்ளையாக ஆடை கட்டியது. புஷ்பவல்லி அதை வழித்துக் காட்டினாள்.

"மெழுகு. நான் தெனம் குச்சி முக்குறது இதுலதான். மெழுகுல தண்ணி ஒட்டாது. ஒட்டாத தண்ணி ஓட்டைல எறங்காம குந்திக்கினு இருக்கும். ஈரக் கை பட்டா அதைப் புடிச்சிக்கினு எறங்கிடும். இதுல கற்பு எங்க கீது?"

சல்லடையைச் சவுக்காரம் போட்டுத் தேய்த்துச் சாமியின் கையில் கொடுத்தாள். ஊற்றியது தேசப்பன்தான். அத்தனையும் சாமியின் பட்டு வேட்டியில் இறங்கியது.

"சாமி கெட்டுப் போச்சே நைனா," என்றார் லியாகத் அலி.

பெண்கள் மூக்குத்தித் தட்டின்மேல் பாய்ந்தார்கள். சாமி அந்தச் சந்தடியில் ரோட்டுப் பக்கம் ஓட்டம் பிடித்தார்.

"வூட்டுக்கு வா, புஷ்பா," என்றான் தேசப்பன், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அது என் வூடுந்தான், நானே போறேன். உனக்கு என்மேல நம்பிக்கை இருந்தா நீயும் வா." மாமியார் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

புறப்பட்டவள் திரும்பிப் பார்த்தாள். கம்பத்துக்கு யாரோ மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். ஒருத்தி கற்பூரம் தேடிக்கொண்டிருந்தாள்.

"கம்பத்துக்குப் பொட்டு வெக்கிற கையால, அவங்கவங்க மண்டையையும் ஒரு தபா தட்டிப் பாருங்க," என்றாள் புஷ்பவல்லி. "உள்ள எதுனா கீதா, இல்ல அங்கயும் மெழுகு பூசி வெச்சிக்கிறீங்களா, எது சொன்னாலும் ஒட்டாம உருண்டு போவுதே."