சார்ஜருக்கு மணி கட்டிய கீரி

ஒரு காட்டில் ஒரு கீரி முட்டை தின்பதை அடியோடு விட்டுவிட்டு எலக்ட்ரீசியன் வேலைக்குச் சேர்ந்தது. சிரிக்காதீர்கள். வயிற்றுப்பாடு என்று வந்துவிட்டால் யார்தான் எதைத்தான் விடவில்லை?

கீரியின் பெயர் சின்னாண்டி. அதற்குப் போட்ட இடமோ காட்டின் முட்டை அறை! இரை தேடப் போகும் பறவைகள் முட்டைகளை அங்கே ஒப்படைத்துவிட்டுப் போகும். விளக்குச் சூட்டில் முட்டை பொரியும். விளக்குக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வரும். பேட்டரிக்கு, பீரோ உயரத்தில் நின்று உறுமிக்கொண்டே இருக்கும் ஒரு சார்ஜரிலிருந்து வரும். சார்ஜர் நின்றால் கொஞ்ச நேரத்தில் பேட்டரி காலி, விளக்கு அணையும், முட்டை வீணாகும். முட்டை வீணானால் காடு யார் கழுத்தைப் பிடிக்கும்? சொல்லவா வேண்டும்!

அதனால் கீரி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வயரைத் தொட்டது. மேட்டில் இருந்த அலுவலகத்துக்கு இரண்டு இணைப்புகள் இழுத்தது. ஒன்று, அங்கிருந்தே சார்ஜரை ஓட்டவும் நிறுத்தவும் சுவரில் ஒரு சுவிட்ச். நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைக் கீழே இழுத்தால் சார்ஜர் நிற்கும், விட்டால் ஸ்பிரிங்கில் மேலேறி ஓடும். இன்னொன்று, கோளாறு மணி. சார்ஜர் உயிரோடு இருக்கும்வரை உள்ளே ரிலே என்ற ஒரு சின்னக் காந்த விசையை இழுத்துப் பிடித்திருக்கும். என்ன காரணத்தால் நின்றாலும் பிடி விட்டுப்போகும், அலுவலகத்தில் மணி அடிக்கும். மணிக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி. இதைவிடப் பத்திரமாக யாரும் செய்ய முடியாது.

அலுவலகத்தில் அதிகாரி கரடியார் இருந்தார். (கீரி 'அது', கரடியார் 'அவர்'. காட்டிலும் அப்படித்தான்.) முதல் நாளே மணி அடித்தது. கீரி ஓடிப்போய்ப் பார்த்தால் சார்ஜரில் ஒரு குறையும் இல்லை. மறுநாளும் அடித்தது. மூன்றாம் நாள் கீரி நேராக மேட்டுக்கே ஓடியது. சுவிட்ச் கைப்பிடியில் கரடியாரின் தேன்குடுக்கை தொங்கிக்கொண்டிருந்தது!

"ஐயா, அது ஆணி இல்லீங்க. குடுக்கை கனத்துல சுவிட்ச் இறங்கி சார்ஜர் நின்னு போகுது. அதான் மணி அடிக்குது."

"என் ரூம்ல எது ஆணின்னு நீ சொல்றியா? நான் தேன் சாப்பிடுற நேரம் பார்த்து அடிக்குதேய்யா உன் மணி!"

கரடியாருக்கு வேறொரு வயிற்றெரிச்சலும் உண்டு. மணி அடித்தால் மணிப் புத்தகத்தில் எழுதி, மூன்று நகல் எடுத்து, சிங்கத்தின் மேசைக்கு அனுப்ப வேண்டும். பக்கத்துக் காட்டுப் புத்தகம் வெள்ளை வெளேரென்று இருக்கிறதாம். இங்கே மூன்று நாளில் மூன்று பக்கம்.

"மாத்திப் போடு. சார்ஜருக்குக் கோளாறுன்னா அதுவே ரிலேயை இழுத்து மணி அடிக்கட்டும். மத்த நேரம் சும்மா கிடக்கட்டும்."

"ஐயா, சார்ஜரே நின்னுட்டா இழுக்கத் தெம்பு ஏது? விழுந்து கிடக்கிறவன் எப்படி எழுந்து வந்து மணி அடிப்பான்?"

"அடிக்காட்டி நமக்கு நிம்மதிதானே?"

எழுத்தில் உத்தரவு வந்தது. கீரி மாற்றிப் போட்டது. அன்றைக்கே மணி வாயை மூடியது. அலுவலகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். கீரிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை, பாவம். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் போய்ச் சார்ஜரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்.

தேன் பருவம் வந்தது. குடுக்கை விளிம்புவரை நிறைந்தது. கரடியார் அதை அதே கைப்பிடியில் மாட்டிவிட்டுச் சாய்ந்தார். பட்டப்பகலில் கீரி வந்து தொட்டபோது சார்ஜர் சில்லிட்டிருந்தது. அறைக்குள் விளக்கெல்லாம் அணைந்திருந்தது. உள்ளே இருந்தவை செவந்தி என்ற காட்டுக்கோழியின் பன்னிரண்டு முட்டைகள், நாளையோ மறுநாளோ பொரிய வேண்டியவை. தொட்டுப் பார்த்தது. இளஞ்சூடு, அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது.

மேட்டுக்கு ஓடித் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஓடாவிட்டால் விளக்கு வராது. கீரி ஒரு நிமிடம் தவித்தது. அப்புறம், ஐயோ, அந்தக் கண்கொள்ளாக் காட்சியை என்ன சொல்ல! கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு முட்டைமேலும் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிட்டது. பசி நேரம் வேறு. மூக்கை மட்டும் வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துச் செவந்தி உள்ளே நுழைந்தது.

"அடப்பாவி!"

"அம்மா, கத்தாதே. விளக்கைப் பாரு, அணைஞ்சிருக்கு. முட்டையைத் தொட்டுப் பாரு, சூடா இருக்கு. ஓடிப்போய்க் கரடியாரைக் குடுக்கையை எடுக்கச் சொல்லு!"

செவந்தி பார்த்தது, தொட்டது, புரிந்துகொண்டது. ஓடியது. கரடியார் பதறி எழுந்து, தேன்குடுக்கையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே இறங்கி வந்தார். குடுக்கை போனதும் கைப்பிடி மேலேறியது, சார்ஜர் உறுமியது. அவர் அறைக்குள் கால் வைத்தபோது விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. நடுவில், முட்டைமேல், கீரி.

"மணி அடிச்சுதா?" என்றார் கரடியார்.

"இல்லீங்க."

"புத்தகத்துல ஏதாவது ஏறியிருக்கா?"

"இல்லீங்க. ஆனா..."

"அப்போ கோளாறு இல்லை. கோளாறு இல்லாத இடத்துல முட்டைமேல உனக்கென்ன வேலை?"

"பன்னிரண்டும் அப்படியே இருக்குங்க, எண்ணிப் பாருங்க!"

"பதிமூணாவதைத் தின்னலைன்னு என்னய்யா நிச்சயம்?"

கீரி செவந்தியைப் பார்த்தது. செவந்தி கரடியாரைப் பார்த்தது. அடுத்த அடைக்கும் இதே அறையைத்தான் கேட்டு நிற்க வேண்டும்.

"நான் வந்தப்போ அது மேல படுத்திருந்துச்சு. அவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லிப் புகார்த் தாளில் நகத்தைப் பதித்தது. சொன்னதில் பொய் இல்லை, பாருங்கள்.

வேலை போயிற்று. கீரி மூட்டை கட்டிய அன்றுதான் குஞ்சுகள் பொரிந்தன. பொரிந்ததும் அந்த வயிற்றுச் சூட்டைத் தேடிப் பன்னிரண்டும் கீரியின் பின்னாலேயே கீச்சுக் கீச்சென்று ஓடின. கீரிக்குக் கண் கலங்கியது. கரடியார் இரண்டாவது வழக்கும் எழுதினார், பிள்ளை கடத்தல் என்று.

ஆண்டு முடிவில், அந்த மூன்று பக்கத்துக்குப் பிறகு மணியே அடிக்காத அலுவலகம் என்று சிங்கம் ஒரு பெரிய வெண்கலக் கேடயம் அனுப்பியது. விழாவுக்குச் செவந்தியும் வந்திருந்தது. அதன் அடுத்த பன்னிரண்டு முட்டைகள் கீழே அறையில் இருந்தன. கேடயத்தை எங்கே மாட்டலாம் என்று கரடியார் சுவரைச் சுற்றிப் பார்த்தார். தோதாக ஒரே ஒரு இடம்தான் நீட்டிக்கொண்டிருந்தது. மாட்டினார். அது மெல்லக் கீழே இறங்கியது.

செவந்தி மணியைப் பார்த்தது. மணி அடிக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள், செவந்தியும் தட்டியது.

நீதி: மணி அடிக்காதவரை கோளாறு என்று ஒன்று கிடையாது. இல்லாத கோளாறிலிருந்து முட்டையைக் காப்பாற்றியவன் திருடனேதான்.