கிருமிக்கு ஒரு கட்டில்

பெருங்குடலில் வருகிற புற்றுநோய்க்கும் அங்கே குடியிருக்கிற கிருமிகளுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று சீமை விஞ்ஞானிகள் சிலர் எழுதிவிட்டார்கள். எழுபதுகளின் நடுவில் அந்தச் சேதி மலையேறி இலங்கையின் ஊவா மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. வந்த சேதியைச் சும்மா விடலாமா? உடனே குடற்கிருமி ஆராய்ச்சி உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஆஸ்பத்திரியின் மேல்மாடி நோயாளர் வாட்டு, கட்டில்களோடு அதற்கு ஒதுக்கப்பட்டது. பெரிய மனிதர்கள் தேநீர் விருந்துகளில் "உங்கள் கிருமிகள் சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொண்டார்கள்.

நல்லம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவளுடைய கணவன் முருகையாவுக்குச் சில மாதங்களாக மலத்தோடு இரத்தம் போனது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்து தீர்ந்தது, இரத்தம் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், அவனைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸேற்றி அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள்.

சர்ஜன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "கட்டி இருக்கு. சீக்கிரம் வெட்டி எடுத்தா பொழைச்சுக்குவார். ஆனா கட்டில் இல்லையே. இருக்கிறதெல்லாம் குழுகிட்ட இருக்கு."

நல்லம்மா கணவனையும் தாங்கிக்கொண்டு மேல்மாடி ஏறினாள். அங்கே குழுவின் செயலாளர் றவூப், கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, வெறும் கட்டில்களை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்.

"ஐயா, கட்டிலெல்லாம் சும்மா கெடக்குதுங்களே."

"சும்மா இல்ல. கிருமிகளுக்கு ஒதுக்கியிருக்கு."

"கிருமிங்க எங்கங்க?"

"இன்னும் வரல."

"எம் புருஷன் வயித்துல இருக்குமுங்க, ஐயா. அவரைச் சேத்துக்கங்க."

றவூபின் முகம் மலர்ந்தது. மறுகணமே வாடியது. "ஆளுக்குப் பிரஜாவுரிமை இருக்கா?"

"இந்தியாவுக்கு அனுப்புறதா, இலங்கையில வச்சுக்கிறதான்னு சர்க்கார் இன்னும் முடிவு சொல்லலீங்க."

"அப்ப சேர்க்க முடியாது." சற்று யோசித்தார். "கிருமி எங்க பொறந்திச்சு?"

"இவரு வயித்துலதாங்க."

"அப்ப அது இலங்கைக் கிருமி. அதுக்குத் தடையில்ல."

"எம் புருஷனும் இங்க தோட்டத்து லயத்து வீட்டுலதாங்க பொறந்தாரு. அவங்கப்பாவும் இங்கதாங்க."

"அது வேற விஷயம். கிருமிய மட்டும் ஒரு பாத்திரத்துல போட்டுக் கொடுத்திட்டு, ஆளைக் கூட்டிட்டுப் போங்க."

நல்லம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சுவரில் சாய்ந்து நின்ற கணவனை இழுத்து முன்னால் விட்டாள். "இந்தா நிக்குதுங்க பாத்திரம்! நீங்களே வச்சுக்கங்க!"

கோபத்தில் சொன்னதை றவூப் யோசனையாக எடுத்துக்கொண்டார். குழு அவசரமாகக் கூடியது. வடை வந்தது, தேநீர் வந்தது, கடைசியில் தீர்மானமும் வந்தது. மேற்படி முருகையா, மனிதர் என்ற வகையில் அன்றி, இலங்கைக் கிருமிகளைத் தாங்கிய பாத்திரம் என்ற வகையில் அனுமதிக்கப்படலாம்.

முருகையாவுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. கிருமிகளுக்குப் பிடிக்கும் என்று தினமும் தயிர் வந்தது. வேளைக்கு ஓர் அதிகாரி வந்து, கிருமிகளுக்குக் காற்று போதுமா என்று அவனுடைய வயிற்றைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார்.

"புள்ள, நான் ஏதாச்சும் பதில் சொல்லலாமா?" என்று முருகையா மெல்லக் கேட்டான்.

"பாத்திரம் பேசாதுங்க. சும்மா படுங்க."

சர்ஜன் கத்தியோடு வந்தபோது குழு குறுக்கே நின்றது. குடலில் கை வைத்தால் கிருமிகள் வீடு வாசல் இழந்துவிடுமாம். வாக்குவாதத்திலேயே மூன்று நாள் போனது. முருகையா வெளுத்துக்கொண்டே வந்தான். நல்லம்மா ஓடிப்போய் சர்ஜனின் காலில் விழுந்தாள். சர்ஜனும் அதற்குள் குழுவின் பாஷையைக் கற்றிருந்தார்.

"பாத்திரத்துல ஓட்டை விழுந்திருக்கு," என்று அறிவித்தார். "அடைக்காட்டி எல்லாக் கிருமியும் ஒழுகிடும்."

பாத்திரம் பழுதுபார்க்கும் வேலைக்கு அன்றே அனுமதி கிடைத்தது. கட்டி வெளியே வந்தது, முருகையா பிழைத்தான். அவன் கண் திறந்தபோது நல்லம்மா வாட்டே கேட்கும்படி அழுதாள். கிருமிகளுக்கு இடைஞ்சல் என்று யாரோ அதட்டினார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

சில வாரம் கழித்துக் காயத்தைக் காட்ட இருவரும் வந்தார்கள். மேல்மாடியிலிருந்து படி இறங்கி வாசல்வரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தோட்டத்து ஆட்கள், கடைக்காரர்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார்கூட. எல்லாரும் பாத்திரங்களாம். அவர்கள் நடுவே, கழுத்துப்பட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, றவூப்.

"நீங்களுமா ஐயா?"

"எனக்கும் ஒரு வருஷமா வயித்து வலி. ஆளா வந்தா கட்டில் கிடைக்காதே. பாத்திரமா வந்தாத்தான் கட்டில்னு சட்டம் எழுதினதே நான்தானே," என்றார் வயிற்றைப் பிடித்தபடி.

அந்நேரம் ஒரு சிப்பந்தி படியில் நின்று கத்தினான். "பாத்திரங்க மட்டும் இங்க நில்லுங்க! மனுஷங்க யாராவது இருந்தா அடுத்த கதவுக்குப் போங்க!"

ஒருவரும் அசையவில்லை.